சிந்திக்கும் பொறியைக் கனவு கண்ட மேதை ஆலன் டூரிங்

இளம் அறிவியல் (கணிதம்) இரண்டாம் ஆண்டு மாணவன்

மனிதன் கல்லைத் தீட்டிக் கருவி செய்த நாள் தொட்டு, தன் உடல் உழைப்பைக் குறைக்கவே வழி தேடி வந்திருக்கிறான். ஏற்றத்துக்கும் செக்குக்கும் மாட்டைப் பூட்டினான். பின்னர் நீராவி வந்தது, மின்சாரம் வந்தது. இவையெல்லாம் கைக்கும் காலுக்கும் ஓய்வு தந்தன. மூளையின் வேலையையும் ஒரு பொறி செய்யக் கூடும் என்று கணித வழியில் ஆராய்ந்து, அதனால் மனிதனின் வேலைக்கும் வாழ்வுக்கும் என்ன நேரும் என்பதையும் கூடவே எண்ணிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவரே ஆலன் டூரிங்.

இன்று செய்தித்தாளைத் திறந்தால் செயற்கை நுண்ணறிவு என்ற சொல் கண்ணில் படாத நாளில்லை. அது வேலைகளையெல்லாம் விழுங்கிவிடும் என்று அஞ்சுவோர் ஒருபுறம். பொற்காலத்தைக் கொண்டுவரும் என்று மகிழ்வோர் மறுபுறம். இவ்விரு சாராருக்கும் இடையே நிற்கும் நம் போன்ற மாணவர்கள், டூரிங்கின் வாழ்க்கையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பயனுள்ளது என்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சென்னை மாகாணத்துத் தொடர்பு

2025ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற நம் செஞ்சிக் கோட்டை, 1761இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னாளில் நம் பகுதி ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தில் அடங்கி இருந்தது. அந்த மாகாணத்தை நிர்வகித்த ஐ.சி.எஸ். அதிகாரிகளில் ஒருவர் ஜூலியஸ் மாத்திசன் டூரிங். இவரே ஆலனின் தந்தை. தாயார் எத்தல் சாரா, 1881இல் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் எட்வர்ட் வாலர் ஸ்டோனி, சென்னை ரயில்வேயில் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றியவர். ஆலனின் அண்ணன் ஜான், 1908இல் நீலகிரியில் உள்ள குன்னூரில் பிறந்தார்.

பாட்டனார் ஸ்டோனி ஒரு கருவியைக் கண்டுபிடித்து உரிமையும் பெற்றிருந்தார். துரைமார்களின் பங்களாக்களில் கூரையிலிருந்து தொங்கும் பெரிய விசிறிக்குப் பங்கா என்று பெயர். கூலியாள் ஒருவர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார். அந்தப் பங்காவைச் சத்தமின்றி இயங்கச் செய்யும் சக்கரத்தைத்தான் ஸ்டோனி அமைத்தார். துரையின் உறக்கத்துக்கு அதனால் இடையூறு குறைந்திருக்கும். இழுப்பவரின் கைவலி குறைந்திருக்காது. பின்னர் மின்விசிறி வந்தபோது பங்கா இழுக்கும் வேலையே இல்லாமற் போயிற்று. ஒரு பொறி யாருடைய வசதிக்காகச் செய்யப்படுகிறது, அதனால் யாருடைய பிழைப்பு மாறுகிறது என்ற கேள்வி, டூரிங் பிறப்பதற்கு முன்பே அவர் குடும்பத்துக் கதையில் இருந்தது என்றால் மிகையாகாது.

இளமைப் பருவம்

அக்காலத்தில் சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்து, இன்று ஒடிசாவில் உள்ள சத்ரபூரில் பெற்றோர் இருந்தனர். பிள்ளைப்பேற்றுக்காகத் தாயார் இங்கிலாந்து சென்றார். 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் லண்டனில் ஆலன் பிறந்தார். தந்தையின் உத்தியோகம் இங்கே, பிள்ளைகள் அங்கே. ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் குடும்பத்தில் பிள்ளைகள் இருவரையும் விட்டுவிட்டுப் பெற்றோர் கடல் கடந்து வந்தனர். பெற்றோரை எப்போதாவதுதான் காண முடிந்த தனிமையில் அச்சிறுவன் வளர்ந்தான்.

1926இல் ஷெர்போர்ன் என்ற ஊரில் இருந்த பள்ளியில் அவர் சேர வேண்டிய நாளில் இங்கிலாந்து முழுவதும் பொது வேலைநிறுத்தம், ரயில் ஓடவில்லை. 13 வயதுச் சிறுவன் சற்றும் தயங்காமல், ஏறக்குறைய 60 மைல் தூரத்தைச் சைக்கிளிலேயே கடந்து பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். வழியில் ஒரு விடுதியில் இரவைக் கழித்துவிட்டு மறுநாள் மிதித்தான். எடுத்த காரியத்தை எப்படியும் முடிக்கும் இந்தப் பிடிவாதம் கடைசிவரை அவரிடம் இருந்தது. 1947இல் மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடத்தில் ஓடி முடித்தவர் அவர் என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

பள்ளியில் கிறிஸ்டபர் மார்கம் என்ற மாணவர் அவருக்கு உயிர்த்தோழரானார். இருவரும் வானியலும் கணிதமும் பேசி மகிழ்ந்தனர். 1930 பிப்ரவரியில் காசநோயால் அந்தத் தோழர் இறந்துபோனார். ஆலனுக்கு அது பேரிடி. உடல் அழிந்த பின் மனம் என்ன ஆகிறது, மனம் என்பதுதான் என்ன என்ற சிந்தனையை அந்தத் துயரம் அவருக்குள் ஆழமாக ஊன்றியது.

காகிதத்தில் பிறந்த கணிப்பொறி

1931இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் பயிலச் சேர்ந்தார். 22 வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வாளர் பதவி அவரைத் தேடி வந்தது. 1936இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். இன்று நாம் காணும் கணிப்பொறிகள் அனைத்துக்கும் விதை அதில் இருக்கிறது.

அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் மிக எளிது. கட்டம் போட்ட தாளை வைத்துக்கொண்டு கணக்குப் போடும் ஒருவரைக் கவனியுங்கள். அவர் ஒரு கட்டத்தைப் பார்க்கிறார். எதையோ மனத்தில் வைத்துக்கொள்கிறார். கட்டத்தில் உள்ளதை அழிக்கிறார் அல்லது புதிதாக எழுதுகிறார். அடுத்த கட்டத்துக்குப் போகிறார். எத்தனை பெரிய கணக்கும் இந்தச் சின்னஞ்சிறு செயல்களின் கோவையே. அப்படியானால் நீண்ட நாடா ஒன்றும், அதிலுள்ள கட்டங்களைப் படித்து எழுதி நகரும் பொறி ஒன்றும் இருந்தால், அந்த மனிதர் விதிப்படி செய்யும் வேலையைப் பொறியே செய்துவிடுமல்லவா?

அவர் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பொறி தேவையில்லை. மற்றப் பொறிகளின் விதிகளை நாடாவில் எழுதிக் கொடுத்தால் அவற்றின் வேலை அனைத்தையும் செய்யும் பொதுப்பொறி ஒன்றே போதும் என்று நிறுவினார். அதே கட்டுரையில், எந்தப் பொறியாலும் விடை காண இயலாத கணக்குகள் உண்டு என்பதையும் மெய்ப்பித்தார். பொறியின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டியது இக்கட்டுரையின் பெருமை.

அந்த நாளில் கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலச் சொல் பொறியைக் குறிக்கவில்லை; கணக்கிடும் வேலையிலிருந்த மனிதரைக் குறித்தது. சென்னைப் பரங்கிமலையில் 1802இல் தொடங்கிய பெரும் நில அளவைப் பணியில், 1831இல் அப்படிக் கணக்கிடுபவராகச் சேர்ந்தவர்தான் வங்காளத்து ராதாநாத் சிக்தர். உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரம் அவருடைய கணக்கிலிருந்து வெளிவந்தது. பின்னாளில் அந்த வேலையைப் பொறி எடுத்துக்கொண்டது. வேலையின் பெயரையும் அதுவே எடுத்துக்கொண்டது.

போர்க்காலப் பணி

1936 முதல் 1938 வரை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டதும், பிளெட்சிலி பார்க் என்ற இரகசிய நிலையத்தில் பணியில் அமர்ந்தார். ஜெர்மானியர் எனிக்மா என்ற கருவியால் தங்கள் செய்திகளைச் சங்கேதமாக மாற்றி அனுப்பி வந்தனர். போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் முன்னரே காட்டிய வழியை விரிவாக்கி, அந்தச் சங்கேதத்தை உடைக்கும் பாம்ப் என்ற பொறியை டூரிங் வடிவமைத்தார். கார்டன் வெல்ச்மன் என்ற அறிஞர் அதை மேலும் செம்மைப்படுத்தினார். போர் முடிவதற்குள் அத்தகைய பொறிகள் 200க்கு மேல் இயங்கின. அவற்றை இரவு பகலாக இயக்கியவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். அட்லாண்டிக் கடலில் உணவுக் கப்பல்களை மூழ்கடித்து வந்த நீர்மூழ்கிகளின் செய்திகள் இந்த உழைப்பால் படிக்கப்பட்டன. எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன. ஆயினும் 1970களில்தான் இந்த இரகசியம் உலகுக்குத் தெரிய வந்தது. டூரிங் அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

பொறிக்குப் பாடம் சொல்லும் எண்ணம்

போருக்குப் பின் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் மின்னணுக் கணிப்பொறி ஒன்றுக்கான திட்டத்தைத் தீட்டினார். 1948இல் அவர் எழுதிய அறிக்கை ஒன்று, அறிவுள்ள பொறியை எப்படி உருவாக்கலாம் என்பதை விளக்கியது. ஆய்வுக்கூடத் தலைவர் அதைப் பள்ளிச் சிறுவனின் கட்டுரை என்று எண்ணி ஒதுக்கினார். அது அச்சேறியது 1968இல். இதற்கிடையே டூரிங் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார்.

அங்கிருந்து 1950இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. பொறி சிந்திக்குமா என்று வீணே வாதாடுவதை விட்டு, ஒரு சோதனை வைப்போம் என்றார். ஓர் அறையில் மனிதர். மற்றோர் அறையில் பொறி. வெளியே இருப்பவர் எழுத்து மூலம் இருவரையும் கேள்வி கேட்கிறார். எது மனிதர், எது பொறி என்று அவரால் பிரித்தறிய முடியாவிட்டால், பொறிக்கு அறிவில்லை என்று எப்படிச் சொல்வது? ஐம்பது ஆண்டுகளில் ஐந்து நிமிட உரையாடலிலாவது பொறி மனிதரை ஓரளவு ஏமாற்றும் என்று எதிர்பார்த்தார். அவர் சொன்ன கெடு சற்றுத் தள்ளிப்போயிற்று. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தபோது, எழுதியது பொறியா மனிதரா என்ற ஐயம் பள்ளி ஆசிரியர்களுக்கும் அன்றாட ஐயமாயிற்று.

வளர்ந்த மனிதனின் மூளையை அப்படியே பொறியில் அமைக்க முயல்வதைவிட, குழந்தையின் மூளை போன்ற பொறியைச் செய்து அதற்குக் கல்வி புகட்டலாம் என்பது அக்கட்டுரையில் உள்ள மற்றொரு சிறந்த கருத்து. இன்றைய செயற்கை நுண்ணறிவு, கோடிக்கணக்கான வாக்கியங்களையும் படங்களையும் உதாரணமாகக் கொண்டு பயிற்சி பெறும் முறை, இந்தக் கருத்தின் வழிவந்ததே.

வேலையைப் பற்றி அவர் எண்ணியது

மாணவ நண்பர்களே, நம் கவனத்துக்கு மிகவும் உரியது 1947 பிப்ரவரி 20 அன்று லண்டன் கணிதக் கழகத்தில் அவர் ஆற்றிய உரை. கணிப்பொறியைச் சுற்றி இருவகை வேலையாட்கள் இருப்பார்கள் என்று அவர் கூறினார். ஒரு வகையினர் பொறிக்கு அட்டைகளைக் கொடுத்து வாங்கி ஏவல் செய்வோர். இவர்களுடைய வேலையை நாளடைவில் பொறியின் உறுப்புகளே செய்துவிடும். மற்றொரு வகையினர், பொறி எதைச் செய்ய வேண்டும் என்று விதி எழுதும் மேலோர். இவர்களுக்கும் நிலையான காப்பு இல்லை. எந்த வேலைமுறையும் ஒரே வார்ப்பில் அமைந்துவிட்டால், அதையும் விதியாக எழுதிப் பொறியிடமே கொடுத்துவிடலாம். அந்த மேலோர் தங்கள் வேலை பறிபோகாதிருக்க, யாருக்கும் புரியாத சொற்களால் தம் தொழிலைச் சுற்றி வேலி போட முயல்வார்கள் என்றும் அவர் எச்சரித்தார். 1951இல் எழுதிய மற்றோர் உரையிலும், வேலை போய்விடும் என்று படித்தவர்களே இதை எதிர்ப்பார்கள் என்றார். ஆனால் பொறி சொல்வதைப் புரிந்துகொள்ளவும், அதற்கு ஈடாகத் தம் அறிவை உயர்த்திக்கொள்ளவும் மனிதருக்கு வேலை நிறையவே இருக்கும் என்பதும் அவருடைய கருத்து.

75 ஆண்டுகளுக்கு முன் சொன்ன இதன் பொருள் நம் ஊரில் இருப்போர்க்கு நன்றாக விளங்கும். செஞ்சி வட்டாரம் நெல்லும் மணிலாவும் விளையும் பூமி. ஒரு கூட்டம் ஆட்கள் நாள் முழுக்கக் குனிந்து அறுத்த ஏக்கரை, அறுவடை இயந்திரம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. மழை கறுக்கும் நேரத்தில் ஆள் கிடைக்காமல் தவித்த விவசாயிக்கு அது வரப்பிரசாதம்; மறுக்க முடியாது. ஆனால் அறுத்தவர் வீட்டுக்கு வந்த கூலிநெல் நின்றது. அந்தப் பணம் வாடகையாக இயந்திரத்தின் சொந்தக்காரரிடம் போகிறது. வேலை மறைந்தது பாதிக் கதைதான். கூலி யார் கைக்கு மாறிற்று என்பது மீதிக் கதை.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கதிர் அறுத்த கைகள் என்னைப் படிக்க அனுப்பின. மேசைக்கு முன் அமர்ந்து எழுதும் வேலைக்குப் போய்விட்டால் இயந்திரத்தால் ஆபத்தில்லை என்பது என் பெற்றோரின் நம்பிக்கை. நம்மில் பலருடைய பெற்றோருக்கும் அதுவே நம்பிக்கையாக இருக்கும். இன்றோ கணக்கு எழுதுதல், படிவம் நிரப்புதல், மொழிபெயர்த்தல், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லுதல், கணிப்பொறிக்கு நிரல் எழுதுதல் ஆகியவற்றில் ஒரு பகுதியைப் பொறி செய்யத் தொடங்கிவிட்டது. புதிதாகப் பட்டம் பெற்றவர்கள் முதற்படியாகக் காலூன்றும் வேலைகள் இவைதாம். முதற்படி தகர்ந்தால், ஏணி எத்தனை உயரமாக இருந்து என்ன பயன்? தாத்தாவின் நிலமோ மாமாவின் சிபாரிசோ உள்ளவன் வேறு வழியில் ஏறிவிடுவான். கல்வி ஒன்றையே முதலாகக் கொண்டு வந்தவன் என்ன செய்வான்? பொருளாதார அறிஞர்களும் அரசுகளும் விடை காண வேண்டிய கேள்வி இது.

நன்மையையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. டூரிங்கின் தோழரைக் கொண்டுபோன காசநோயை, மார்பு எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக் கணிப்பொறியே ஐயுற்றுச் சொல்லும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. படம் பார்க்கும் மருத்துவர் இல்லாத சிற்றூருக்கு இது பெரும் உதவி. ஆகவே பொறியைக் கல்லால் அடிப்பது பேதைமை. அது தரும் பயனில் உழைப்போருக்குப் பங்கு கேட்பதே அறிவுடைமை.

துயரமான முடிவு

இத்தனை தொண்டு செய்தவருக்கு நாடு என்ன கைம்மாறு செய்தது? தன்பால் விருப்பம் கொண்டவர் என்பதற்காக, அக்காலச் சட்டப்படி 1952இல் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தனர். சிறையா, உடலை மாற்றும் ஹார்மோன் மருந்தா என்று கேட்டனர். மருந்தை ஏற்றுக்கொண்டார். அரசின் இரகசியப் பணிகளிலிருந்தும் விலக்கப்பட்டார். அந்த நிலையிலும், விலங்கின் தோலில் புள்ளியும் கோடும் எவ்வாறு தோன்றுகின்றன என்ற உயிரியல் ஆய்வைத் தளராமல் தொடர்ந்தார். 1954 ஜூன் 7ஆம் நாள், 42 வயது நிரம்பும் முன்னரே, சயனைடு நஞ்சால் அவர் உயிர் பிரிந்தது. விசாரணையில் அது தற்கொலை என்று முடிவாயிற்று. தாயாரோ அது விபத்து என்றே நம்பினார்.

2009இல் பிரிட்டிஷ் பிரதமர் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013இல் அரசியின் மன்னிப்பும் வந்தது. 2021இல் 50 பவுண்டு நோட்டில் அவர் உருவம் அச்சிடப்பட்டது. ஆங்கிலேயர் 1860இல் நமக்குத் தந்த சட்டத்திலும் இப்படியொரு பிரிவு இருந்து, 2018இல்தான் நம் உச்சநீதிமன்றம் அதன் கொடுமையை நீக்கியது.

அவரைத் தண்டித்தபோது விதி பிசகவில்லை. எல்லாம் சட்டப்படியே நடந்தது. எதிரே நிற்பவர் யார், அவர் செய்தது யாருக்கு என்ன தீங்கு என்று கேட்பார்தாம் இல்லை. ஈவிரக்கமற்ற விதியைப் பொறியிடம் ஒப்படைத்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். நெதர்லாந்து நாட்டில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி தேட வரித்துறை கணிப்பொறி முறையைக் கையாண்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலக நேர்ந்தது. ஏழைக்கு ரேஷனோ, கடனோ, வேலையோ இல்லை என்று பொறி சொன்னால், ஏன் என்று கேட்கவும் பதில் பெறவும் ஒரு மனிதர் அங்கே இருந்தாக வேண்டும்.

நமது கடமை

கணிப்பொறி இயலின் நோபல் பரிசு எனத்தக்க விருதுக்கு, 1966 முதல் டூரிங்கின் பெயரையே சூட்டி வழங்குகிறார்கள். 1994இல் செயற்கை நுண்ணறிவுக்காக அதைப் பெற்ற இருவரில் ஒருவர் ராஜ் ரெட்டி. அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் விவசாயி மகனாகப் பிறந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி சென்று, 1958இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். முதல் தலைமுறைப் பட்டதாரியால் இத்துறையின் சிகரத்தையும் எட்ட முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எல்லோரும் சிகரம் ஏற வேண்டியதில்லை. ஆனால் சூத்திரத்தை மனப்பாடம் செய்து அப்படியே எழுதும் படிப்பு, பொறி முதலில் பறித்துக்கொள்ளும் படிப்பு என்பதை நாம் உணர வேண்டும். ஏன் என்று கேட்கும் படிப்பும், பிறர் துயரை அறியும் பழக்கமும் நம்மிடம் வளரட்டும். பொறி என்பது பாடம் கேட்கும் குழந்தை என்றார் டூரிங். அந்தக் குழந்தைக்கு ஆங்கிலத்தில் பாடம் சொல்வோர் பலர். தமிழில் சொல்வோர் சிலர். நம் மொழியையும், நம் மண்ணின் உழவையும் மருத்துவத்தையும், நம் மக்களின் தேவையையும் அதற்குச் சொல்லித்தர நம்மில் சிலராவது முன்வர வேண்டும். பிறர் எழுதிய விதிக்கு நாம் காத்திருந்தால், அந்த விதியில் நமக்கு இடம் இருக்கும் என்பதற்கு உறுதி ஏது?

வாழ்க டூரிங்கின் புகழ்! வளர்க மனிதநேயம் கலந்த அறிவியல்!